ரிங்குக்கு வாய்

பூங்கொடி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, கொல்லையில் பிரித்துக் கிடந்த போட் இன்ஜினின் சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தாள். புது பிஸ்டன் ரிங் உள்ளே சமமாக உட்கார்ந்திருந்தது. அதன் இரு நுனிகளுக்கும் நடுவில் அவள் புருஷன் மணிவேல் சவர பிளேடைச் செருகினான். ஒன்று போனது. இன்னொன்றைச் சேர்த்துச் செருகியபோது பாதியில் நின்றுவிட்டது. அவன் ரிங்கை வெளியே எடுத்து, வேலை முடிந்த சாமான்களோடு துணிமேல் வைத்தான்.

மூன்று பிளேடு சேர்ந்து போக வேண்டும். அந்தக் கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் இதே இன்ஜினைக் காரைக்காலுக்குக் கொண்டுபோனபோது, மெக்கானிக் முத்து முகம்மது வேலை பார்த்ததை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் அவள். ரிங்கின் இடைவெளியை அவர் வாய் என்பார். "இது காத்துல ஆறுற இன்ஜின் தங்கச்சி. சூடு சட்டுனு ஏறும், ஏறுனா ரிங்கு நீளும். வாயி கொஞ்சம் தொறந்திருந்தாத்தான் நீள எடமிருக்கும். மூடிக்கிச்சுன்னா சிலிண்டரக் கவ்விக்கும். அப்பறம் பழைய இரும்புக்குத்தான் போடணும்." மணிவேலும் அப்போது பக்கத்தில்தான் நின்றான். எதையும் மறக்கிற ஆளில்லை அவன், மாமியார் வீட்டில் ஒரு நாள் மீன் குழம்பு உப்புக் கரித்ததைக்கூட இன்னும் சொல்லிக் காட்டுகிறவன்.

"ஏங்க, ரெண்டே போவலையே?"

"போதும்."

"மூணு போவணும்ல?"

"போதும்னு சொல்றேன்ல." அவன் நிமிரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கும் வேலைக்கு அவளுடைய அண்ணன் கலைவாணன் சொல்லி வைத்திருந்தான். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியாகிவிட்டது. கடலை விட்டுக் கரைக்கு வாருங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் கரையாய்க் கரைத்தாயிற்று. அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் போட்டில் அவனுக்கும் அவன் அண்ணன் பஞ்சநாதனுக்கும் சரிபாதிப் பங்கு. இவன் போட்டை விட்டு இறங்கினால், அண்ணனை நட்டாற்றில் விட்டவன் என்று மண்டபத்தூர் முழுக்கப் பேசும். இன்ஜினே செத்துப்போனால் யாரும் யாரையும் விட்டதாக ஆகாது.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வருகிறான், கரைக்கு வந்துவிடுகிறான். பிறகு, நடுக்கடலில் கவ்விக்கொண்டால் என்று யோசித்தாள்.

"கரையிலயே கவ்விக்குமா?" என்றாள்.

"ஓட்டிப் பாக்கும்போதே கவ்விக்கும்."

"கவ்வலைன்னா? காலையில ஒங்க அண்ணன்தான கடலுக்குப் போவாரு?"

அவன் பிளேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை பேச வாயில்லாமல் ரிங்கின் வாயை அடைக்கிறானே மனுஷன்!

"முடிஞ்சுதாடா?" பஞ்சநாதன் கொல்லைப்பக்கமாக வந்தார். கோயில் கூட்டத்திலிருந்து நேரே வந்தவர், வெள்ளை வேட்டியோடு இருந்தார்.

"முடியல மாமா," என்றாள் பூங்கொடி. "அவரு ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

மணிவேல் அவளை முறைத்தான். அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மணிவேல் பிளேடுகளைக் கீழே வைத்தான்.

"ஐஸ் கம்பெனில கூப்புட்டுருக்காங்கண்ணே. திங்கக்கெழமேலேர்ந்து."

பஞ்சநாதன் இன்ஜினைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். திட்டுவார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"இதுல என்ன பாக்கி?"

"ரிங்கு வாயி பத்தல. நுனிய இன்னும் கொஞ்சம் ராவணும்."

"அரத்தக் குடு."

வலையும் சுக்கானும் பிடித்த கை அது. இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூட அவர் கழற்றியதில்லை, அதெல்லாம் தம்பி வேலை. சாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரிங்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்டா ராவணும்?"

"குடுண்ணே, நான் பண்றேன்." மணிவேல் கையை நீட்டினான்.

அவர் ரிங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சொல்லு, போதும். இனிமே நான்தான பாத்துக்கணும்."

மணிவேல் சொன்னான். நுனியில் அரம் மெதுவாக ஒரு தரம் உரசியது. அவருடைய வெள்ளை வேட்டியின் மடியில் இரும்புத்தூள் மெல்லிசாக விழுந்தது. அதைத் தட்டிவிடாமல் அவர் அடுத்த இழுப்பை இழுத்தார்.