ஏதாவதொரு மூலிகை

பொன்னுத்துரை என்றொருவர் வாசலில் நிற்கிறார் என்று காவலாளி வந்து சொன்னபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. இரண்டு வருடமாக இந்த மனிதரை நினைத்துத்தான் கறுவிக்கொண்டிருந்தேன்.

கண்டியில் அவருக்கு நாட்டு மருந்துக்கடை. என் கணவர் நவரட்ணராஜா வத்தேகமவில் சித்த வைத்தியம் பார்த்தவர். சனம் அவரிடம்தான் போனது. அது பொறுக்காமல் பொன்னுத்துரை பொலிசுக்குப் போய், இவருடைய அலுமாரியில் கார்த்திகைக்கிழங்கு இருக்கிறதென்று சொல்லிவிட்டார். மூட்டுவலி எண்ணெய்க்குப் போடுகிற கிழங்கு அது. ஆனால் கார்த்திகைப்பூ புலிகளின் பூ. 2006ஆம் ஆண்டில் அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது. பதினான்கு மாதம் தடுப்பில் வைத்திருந்துவிட்டுப் பெட்டியில் அடைத்துத் தந்தார்கள்.

பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. இரத்தத்தில் உள்ள மூலக்கூறுகளை உடைத்துத் துண்டு துண்டாக நிறுக்கும் இயந்திரம் என் பொறுப்பில் இருக்கிறது. எடையை வைத்தே எந்த மூலிகை என்று சொல்லிவிடலாம். சித்தி றலியா என்ற பெண் மூட்டுவலிக்கென்று ஆறு மாதமாகப் பொன்னுத்துரையின் 'சுத்த மூலிகை' மாத்திரையை விழுங்கி, முகம் ஊதி, மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என்னிடம் சோதனைக்கு வந்த அவள் இரத்தத்தில் இஞ்சியைத் தவிர வேறு மூலிகையே இல்லை. 393 என்ற எடையில் நிமிர்ந்து நின்றது டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீரொயிட்.

பொன்னுத்துரை கதிரை நுனியில் இருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"தங்கச்சி, ஏதாவதொரு மூலிகையின்ர பேரை எழுதிவிடுங்கோ. ஸ்டீரொயிட் எண்டு வந்தால் நான் கடையைப் பூட்டவேண்டியதுதான்."

"எழுதலாம் அண்ணை. மூட்டுவலி மருந்துதானே? கார்த்திகைக்கிழங்கு எண்டு எழுதட்டோ?"

அவர் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாம்! பொலிசுக்குத் தெரிஞ்சால் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். பிறகு விடமாட்டாங்கள்."

"ஓம், விடமாட்டாங்கள்தான். நவரட்ணராஜாவை விடயில்லையே. நான் அவரின்ர மனுசி."

வெள்ளைத்தாளையும் பேனையையும் அவர் முன்னால் தள்ளினேன்.

"மாத்திரைக்குள்ளை என்ன கலந்தனீங்கள் எண்டு நீங்களே எழுதிக் கையெழுத்து வையுங்கோ. இல்லாட்டிக் கிழங்கு எண்டு நான் எழுதுவன்."

பொய் எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. உண்மையான அறிக்கை காலையிலேயே வார்டுக்குப் போய், றலியாவுக்கு வைத்தியமும் தொடங்கியிருந்தது. அதை இவருக்கு ஏன் சொல்லவேண்டும்? அவர் எழுதுவதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இப்ப உங்களுக்குக் காணுமோ?"

"காணாது. வாசிக்கத் தெரியாத சிங்களத்திலை எழுதிவைச்சுத்தான் என்ர மனுசனிட்டைப் பொலிசிலை கையெழுத்து வாங்கினவங்கள். உங்களைத் தமிழிலை எழுதவிட்டிருக்கிறன். ஒருக்கால் சத்தமா வாசியுங்கோ."

வாசித்தார். காணாது என்று மறுபடியும் வாசிக்கச் சொன்னேன்.