அணைக்குக் கீழே ஒரு கட்டடம்

அறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. அதைத் தேடப் போன இடத்தில்தான் மார்லிஸ் கெட்டரிங்குக்கு அது கண்ணில் பட்டது.

மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வுப் பிரிவில் அவளுக்கு அது பதினான்காவது வருடம். சிறைகளில் ஏன் நர்சுகள் தங்குவதில்லை, கிராமப் பள்ளிகளை இணைத்தால் பிள்ளைகள் எத்தனை மைல் பயணம் போக வேண்டிவரும் என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். எந்தக் கட்சிப் பக்கமும் சாயாமல் பதில் எழுதித் தருவது அந்தப் பிரிவின் வேலை. எழுதியவர் பெயர் அறிக்கையில் எங்கும் இருக்காது. பெயர் தெரிந்தால் அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று தோண்டுவார்கள். அப்புறம் அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு அவள் எழுதியது சின்ன மண் அணைகளைப் பற்றி. மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேல் அணைகள். அவற்றைப் போய்ப் பார்க்க நான்கே பேர். கீழே மூன்று கட்டடங்கள்கூட இல்லாத அணைகள் இருநூற்றுப் பதினான்கு. அவற்றை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பதை விட்டு ஆறு வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், ஆபத்தான அணைகளுக்கு ஆள் மிஞ்சும் என்று எழுதியிருந்தாள். சட்டமன்றம் மறுபேச்சில்லாமல் அதை நிறைவேற்றியது. அவள் எழுதியதில் அப்படியே சட்டமானது அது ஒன்றுதான். உள்ளுக்குள் அவளுக்கு அதில் பெருமை உண்டு.

இப்போது அதன் பலனை மதிப்பிடும் அடுத்த அறிக்கை. அட்டையில் ஒரு சின்ன ஏரி, கீழே தனி வீடு, நாலு மாடு என்று படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அட்டவணையில் 'பிக்கெட் ஏரி, கட்டடம்: 1' என்ற வரியைப் பிடித்து, விமானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்தாள்.

மலைச்சரிவு, ஏரி, மண் கரை. கரைக்குக் கீழே ஓடையை ஒட்டி வெள்ளை வெள்ளையாகச் செவ்வகங்கள், மேசையில் பரப்பிய சீட்டுகள் போல வரிசை வரிசையாக. வண்டியில் இழுத்துவந்து நிறுத்தும் டிரெய்லர் வீடுகள். எண்ணினாள். அறுபத்தொன்று. மறுபடி எண்ணினாள். அதேதான்.

எப்படி நேர்ந்தது என்பது உடனே புரிந்துவிட்டது. கட்டடங்களை அவள் கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், நிலப் பதிவேட்டிலிருந்து எண்ணியிருந்தாள், ஒரு முகவரிக்கு ஒரு கட்டடம் என்று. டிரெய்லர் பூங்காவில் நிலம் முழுக்க ஒரே முதலாளிக்குச் சொந்தம். மற்றவர்கள் வாடகைக்கு இடம் பிடித்து வீட்டை நிறுத்தியிருப்பவர்கள். ஒரு நிலம், ஒரு முகவரி, ஒரு கட்டடம். அங்கே கடிதம் கொண்டுபோகும் தபால்காரருக்கு இந்தத் தப்பு வந்திருக்காது.

ஜன்னலுக்கு வெளியே மூன்றாவது நாளாக மழை. எதிரே இருக்கும் சட்டமன்றத்தின் குவிமாடமே தெரியவில்லை. தெற்குக் கவுண்டிகளில் ஏழு அங்குலம் என்று காலையில் ரேடியோவில் சொன்னார்கள். பிக்கெட் ஏரி தெற்கில்தான்.

அடுத்த அறையில் டெல்பர்ட் ஸ்டிடம் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார், ஒரு கிண்ணம் சில்லி என்ற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் பட்டைத்தூள் போட்ட சுருள் ரொட்டியுமாக. அந்தப் பிரிவில் ஒரு வழக்கம்: எழுதியதில் கை வைக்காத இன்னொருவர் ஒவ்வொரு எண்ணையும் அது வந்த மூலத்தோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பென்சிலால் டிக் போட்ட பிறகுதான் அறிக்கை வெளியே போகும். அணை அறிக்கைக்கு டிக் போட்டவர் டெல்பர்ட். அவர் பழைய பிரதியை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"டிக் இருக்கே, புரொபசரம்மா. பதிவேட்டுல ஒண்ணு, உன் அட்டவணையிலயும் ஒண்ணு. என் கண்ணு இன்னும் கெட்டுப்போகல."

அவள் படத்தைக் காட்டினாள். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

பிரிவின் தலைவி கார்லா ஹூபர் பொறுமையாகக் கேட்டாள். அணை அறிக்கையைக் கேட்டிருந்த உறுப்பினருக்கு உடனே சீட்டு அனுப்பினாள். அவர் அவையில் இருந்தார்; கூட்டத்தொடரின் கடைசி வாரம், வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பு. கவுண்டிக்கு நாமே சொல்லிவிடலாம் என்றாள் மார்லிஸ்.

"நாம எழுதறவங்க, மார்லிஸ். மணியடிக்கறவங்க இல்ல. இன்னிக்கு ஒரு ஊருக்கு ஃபோன் பண்ணுனா, நாளைக்கே நீங்க யாரு ஆளுன்னு கேப்பாங்க."

கார்லா கல்நெஞ்சக்காரி இல்லை. இரண்டு கவர்னர்கள் அந்தப் பிரிவை மூடப் பார்த்தபோது காப்பாற்றியது அந்த விதிதான்.

தகவலைச் சரிபார்க்க ஃபோன் செய்வதற்கு விதியில் இடம் உண்டு. அதனால் மார்லிஸ் முதலில் அணை மேற்பார்வை அலுவலகத்துக்குப் பேசினாள். வெண்டல் என்ற ஆய்வாளருக்கு நல்ல கனிவான குரல். பிக்கெட் ஏரியைக் கடைசியாகப் பார்த்தது ஐந்து வருடத்துக்கு முன்பு ஏப்ரலில் என்றார். கரையின் அடியில் ஈரம் இருந்திருக்கிறது. எலி வளைகள் இருந்திருக்கின்றன. 'அடுத்த முறை கவனிக்கவும்' என்று அவரே குறித்திருந்தார்.

"அப்புறம் போகலையா?"

"போக வேண்டியதில்லன்னு ஆயிடுச்சே, மேடம். ஒரு ஆய்வு வந்துச்சு. நல்ல ஆய்வுதான். அதுக்கப்புறம்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரம் கெடச்சுது."

அது தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வெண்டல் அப்போது மாநிலத்தின் மறுகோடியில் இருந்தார், சாலைகளில் வெள்ளம். சாயங்காலத்துக்கு முன் வர வழியில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: கசிவு தெளிந்த தண்ணீராக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரையின் வயிற்றிலிருந்து மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். அப்புறம் அங்கே ஒருவரும் நிற்கக் கூடாது.

அவள் டெல்பர்ட்டின் அறைக்குப் போய் கவுண்டி எண்ணை அழுத்தினாள். பேரிடர் அலுவலர் ரஸ் டாகெட் டயர் கடைக்காரர். பேரிடர் வேலை அவருக்குப் பகுதி நேரம்தான். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, பேசுவது யார் என்று கேட்டார்.

பதினான்கு வருடத்தில் அவள் பெயர் எதிலும் வந்ததில்லை. டெல்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்லிஸ் கெட்டரிங். ஆய்வுப் பிரிவு. அந்தக் கணக்கு நான் போட்டது. தப்பாப் போட்டுட்டேன்."

"தலைநகரத்துலருந்து ஒருத்தர் தப்புன்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்," என்றார் டாகெட். ஆனால் அதற்குள் லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டுவிட்டது.

ஃபோனை வைக்காமலே ஓட்டினார். வைப்பர் அடிப்பதும் சரளைக்கல் நொறுங்குவதும் கேட்டன. பிறகு கால்கள் சேற்றில் இறங்கும் சத்தம்.

"கரைக்கு அடியில ஒரு ஊத்து மாதிரி வருது."

"என்ன நெறம்?"

தண்ணீரைக் கையில் அள்ளும் சத்தம் கேட்டது.

"பால் ஊத்தின காப்பி மாதிரி," என்றார். இணைப்பு அறுந்தது.

அதன் பிறகு ஐம்பது நிமிடம் ஃபோன் அடிக்கவில்லை. கிண்ணத்தில் சில்லி ஆறி மேலே கொழுப்பு படிந்தது. கார்லா வந்து வாசற்படியில் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. தடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. மார்லிஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு செவ்வகத்தின் பக்கத்தில் நீல வட்டம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் குளிக்கும் ரப்பர் தொட்டி. அது கண்ணில் படாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஃபோன் அடித்தபோது மணி இரண்டு பத்து. டாகெட்டுக்குப் பின்னால் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. பள்ளிப் பேருந்துகள் ஆட்களை மேட்டுச் சர்ச்சுக்கு ஏற்றிப் போகின்றன, அறுபது கதவு திறந்தாயிற்று என்றார்.

"நீங்க அறுபத்தொண்ணுன்னு சொன்னீங்க. வாசப்பக்கம் ஒண்ணு தொறக்கல. உள்ள லைட் எரியுது."

எண் அவளுடையது. அதை நம்பித்தான் ஒரு மனிதர் மறுபடி கீழே இறங்கப் போகிறார். இறங்க வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. உள்ளே யார் படுத்திருக்கிறார்களோ.

"நான் போய்ப் பாக்கறேன்," என்று அவரே சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடி பேசியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கரை போய்விட்டது. அவர் மேட்டில் ஏறி எட்டு நிமிடம்கூட ஆகவில்லையாம். கீழ் வரிசை டிரெய்லர்கள் ஓடையில் மிதந்து போகின்றன. ஆட்கள் எல்லோரும் மேலே.

"அந்தக் கதவு?"

"ஒடச்சேன். ஒரு மேசை, சாவி மாட்டற பலகை, காப்பி மெஷின். அது ஆபீசு, மேடம். வாடகை கட்ட வருவாங்க. பூங்காவுக்கே அட்ரஸ் இருக்கறது அந்த ஒரு ரூமுக்குத்தான். யாரும் அங்க குடியிருக்கல."

அவள் அறிக்கை எண்ணிய ஒரே கட்டடம் அதுதான்.

டெல்பர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மார்லிஸ் பழைய பிரதியை இழுத்துப் புரட்டினாள். பிக்கெட் ஏரிக்கு மேலேயும் கீழேயும் பக்கம் பக்கமாக வரிகள்: பூஜ்யம், ஒன்று, இரண்டு, ஒன்று. ஒவ்வொன்றின் அருகிலும் ஒழுங்கான சிவப்பு டிக். இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று. வெளியே மழை விடவில்லை.

கார்லா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உன் பேரப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்," என்றாள். "தெற்குல அடுத்தது எது?"

மார்லிஸ் அடுத்த ஏரியின் பெயரைத் தட்டினாள். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதலில் மரங்கள். பிறகு தண்ணீர். பிறகு கரை.