நதீஷாவின் சிங்கிறால்

ஊரிலேயே, உப்புவெளிக் கடலில் சிங்கிறால் இருக்க, இந்த நாட்டு ஆறு குளம் ஒன்றிலும் இல்லாத நன்னீர்ச் சிங்கிறாலைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஹெக்டரைச் சொந்தக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எது எதற்கு உறவு, எது எதிலிருந்து பிரிந்தது என்று அவற்றின் வம்சத்தைக் கண்டுபிடிப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலை. அவுஸ்திரேலியாவில் படிக்கப் போயிருந்தபோது, ஓடைக்குள் காலை விட்டுக்கொண்டு நின்ற மகள் நதீஷா, நீலமாய்ச் சின்னதாய் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள். அந்த ஓடையின் மற்றவற்றுக்கு இருப்பதுபோல் அதன் கொடுக்கில் முள் இல்லை. ஊர் திரும்பிய மாரியில் டெங்கு அவளைக் கொண்டுபோய்விட்டது. ஒன்பது வயது. அதன் பிறகுதான் ஹெக்டர் அதைப் புது இனமென்று எழுதி, அவள் பெயரை வைத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் ஆராய்ச்சி மாணவி பஸ்னா மடிக்கணினியோடு வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றாள்.

“சேர், மரபணு முடிவு வந்திட்டுது. திரும்பவும் செய்து பாத்தனான்.”

“சொல்லுங்கோ பிள்ளை.”

“அது வேற இனமில்லை சேர். அந்த ஓடையில இருக்கிற பழைய இனம்தான். இது இன்னும் வளராதது. வளர்ந்திருந்தா இதுக்கும் முள்ளு வந்திருக்கும்.”

திரையில் கிளை கிளையாய்ப் பிரிந்த வம்சப் படத்தில், மகளின் பெயர் தனிக் கிளை இல்லாமல் மற்றவற்றுக்குள் கலந்து கிடந்தது. ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் வந்தால் முதலில் வைத்ததே நிற்கும், பிந்தியது விழுந்துவிடும். ஒரேயொரு குஞ்சை வைத்து இனம் பிரிக்கக்கூடாது என்று வருடா வருடம் வகுப்பில் சொல்பவரும் அவர்தான். அந்த வருடம் அவருக்கு அவள் பெயர் எங்கேயாவது இருக்கவேண்டியிருந்தது.

“நான் இதை எழுதாம விடட்டா சேர்?”

“இல்லை, எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ. பிழை விட்டது நான்தானே.”

வீட்டில் மனைவி கிறேஸ் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆண்டும் மகளின் நினைவு நாள் பூசை முடிந்ததும் வந்தவர்களிடம், பிள்ளையின் பெயர் உலகத்தில் இருக்கிறது என்று சொல்லுகிறவள். ஹெக்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப பிள்ளையின்ர பேர் இனி இல்லையே?”

“இருக்கும். பழைய பேருக்குக் கீழ, செல்லாத பேரெண்டு.”

“வளர்ந்திருந்தா மற்றதுகள் மாதிரித்தான் இருந்திருக்குமோ?”

“ஓம்.”

கிறேஸ் கத்தியை வைத்தாள். “மற்றப் பிள்ளையள் மாதிரி வளர்ந்தாப் போதுமெண்டுதானே நானும் மன்றாடினனான்” என்றாள். பிறகு செதில் ஒட்டிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். 

மறுநாள் காலை ஆய்வுகூடத்தில் அவர், மகள் பிடித்த சிங்கிறாலைப் பதப்படுத்தி வைத்திருந்த போத்தலைத் திறந்தார். நீலமெல்லாம் மதுசாரத்தில் கரைந்து, அது வெளிறிப்போயிருந்தது. போத்தலுக்குள்ளேயே அதன் பக்கத்தில், அவர் கையால் பென்சிலில் மகளின் பெயரை எழுதிய கடதாசித் துண்டு. எந்தப் பெயர் விழுந்தாலும் பழைய துண்டை வெளியே எடுக்கக்கூடாது, புதியதைக் கூடப் போடவேண்டும் என்பது வழக்கம். இன்னொரு துண்டில் பழைய இனத்தின் பெயரை எழுதி உள்ளே விட்டார். அது மெல்ல இறங்கி மகளின் பெயரை மறைத்துக்கொண்டு நின்றது. ஹெக்டர் மூடியை இறுக்கி, போத்தலைச் சரித்துச் சரித்துப் பார்த்தார், அவள் பெயர் கண்ணாடிப் பக்கம் வரும்வரை.