நாற்பத்திரண்டு நாள் இருட்டு

கரண்டுக்காரர் தன் வீட்டு ஆட்டுக் கொட்டகையில் போட்ட வெளிச்சம் சாதாரண வெளிச்சம் அல்ல. எட்டு டியூப் லைட், நாலு பெரிய பல்பு. அது எரியும்போது அடுத்த தெருவில் ஊசியில் நூல் கோர்த்தார்கள். இதில் மிகை ஒன்றும் இல்லை. கோர்த்த தையல்காரரே சொன்னார், அதுவும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோர்த்தாராம். பக்கத்து வீட்டுச் சேவல் எப்போது கூவுவது என்று தெரியாமல் ஒரு வாரம் தவித்துப் பார்த்துவிட்டு, கூவுவதையே விட்டுவிட்டது.

எல்லாம் மனைவிமேல் வைத்த பாசம்தான். அவளுக்குப் பதினாலு வெள்ளாடும் ஒரு கிடாவும் உண்டு. போன குளிர்காலத்தில் இருட்டில் பால் கறந்துவிட்டு எழுந்தவள் கால் இடறி வாளியோடு விழுந்தாள். "ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடற மனுஷன் வீட்டுல பாரு லட்சணத்த" என்று அன்றைக்கு ஆரம்பித்தவள் ஆறு மாதம் நிறுத்தவில்லை. கோடை முடிகிற சமயத்தில் அவர் விளக்கு போட்டார். காலை நாலு மணிக்குத் தானாக எரியும், இரவு பத்துக்குத் தானாக அணையும். போவோர் வருவோரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

பிறகு பகல் குறுகியது. ஐந்தரைக்கே இருட்டியது. குளிர் வந்தது. ஆடுகளுக்கு மட்டும் அது எதுவும் எட்டவில்லை. வழக்கமாக இந்நேரம் உடம்பில் அடர்த்தியாக முளைத்திருக்க வேண்டிய உள்மயிர் முளைக்கவே இல்லை. கோடைக்கால மேனியோடு நின்று நடுங்கின. கரண்டுக்காரர் ஒருநாள் தன் கட்டம்போட்ட சட்டையைத் தேடிக்கொண்டு போனபோது, அது ஒரு ஆட்டின்மேல் இருந்தது. பித்தான்களும் ஒழுங்காகப் போட்டிருந்தன.

அதைவிடப் பெரிய கவலை கிடா. அதற்கு மைனர் என்று பெயர் வைத்ததே அதன் நடத்தையைப் பார்த்துத்தான். வருஷா வருஷம் குளிர் தொடங்கியதும் தீனியை மறப்பான், தன் தாடியில் தானே மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொள்வான், மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து நிற்பான். தெருக்கோடி வரை நாற்றம் போகும். இந்த வருஷம் குளித்துவிட்டு வந்த பள்ளிக்கூட வாத்தியார்போலப் படுத்து அசைபோட்டான். பதினாலு பெட்டைகளும் எதிரில் நடந்தாலும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பெட்டைகளும் அவனைச் சட்டை செய்யவில்லை.

"ஒண்ணுகூட சினையாகலன்னா வர்ற வருஷம் குட்டியும் இல்ல, பாலும் இல்ல" என்றாள் மனைவி. "மைனருக்கு வயசாயிடுச்சுங்க. இன்னும் ஆறு வாரம் பாப்பேன். அப்புறம் கறிக்கடைக்காரர வரச் சொல்லிட்டேன்."

"வெட்டறதுக்கா?"

"பின்ன, பொன்னாட போத்தறதுக்கா?"

கரண்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மைனரைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் அவர். அந்த வீட்டில் அவர் பேச்சைக் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே ஜீவன் அவன்தான்.

மறுநாள் மாட்டு டாக்டரம்மாவிடம் ஓடினார். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராத்திரி கொட்டாய்ல வெளிச்சம் உண்டா?" என்றார்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! பட்டப்பகல் மாதிரி. நானே போட்டது."

"அப்ப நீங்கதான் குற்றவாளி" என்றார் டாக்டரம்மா. "ஆட்டுக்குக் குளிர் வந்தது தோல்ல தெரியாது, கண்ணுலதான் தெரியும். இருட்டு நேரம் நீள நீள அது மூளையில ஒண்ணு ஊறும். அதுதான் 'மயிர வளத்துக்கோ, ஜோடியத் தேடிக்கோ'ன்னு சொல்லும். இப்ப சேர்ந்தாத்தானே அஞ்சு மாசம் கழிச்சுப் புல்லு முளைக்கறப்ப குட்டி பொறக்கும்? உங்க ஆடுங்க இன்னும் நடுக் கோடைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு."

"இப்ப அணைச்சா?"

"அஞ்சாறு வாரத்துல வழிக்கு வந்துடும்."

ஆறு வாரம்! கெடுவும் அதுதான். இன்றைக்கே அணைத்தாக வேண்டும். அணைப்பது சுலபம். "தப்பு என்மேல" என்று மனைவியிடம் சொல்வதுதான் முடியாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவர் பால் பாத்திரத்தை மிதித்ததை நேற்று நடந்ததுபோல் சொல்லிக்காட்டுகிறவள். இதைக் கொடுத்தால் அவர் ஆயுசுக்கும் போதும்.

அன்று மாலை கட்டிங் பிளேயரோடு கொட்டகைக்குப் போனார். வெளியே வந்து, "எங்கேயோ ஃபால்ட்டு. பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நாள் பார்த்தார். ஊர் சும்மா இருக்குமா? முடிவெட்டுகிறவர், "அண்ணே, உங்க வீட்டு ஃபால்ட்ட முதல்ல கண்டுபிடிங்க, என் கடைக்கு அப்புறம் வரலாம்" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். மாவு மில்காரர் டார்ச் லைட் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தனுப்பினார். கரண்டுக்காரர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, சாயங்காலமானால் இருட்டில் மைனர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முகர்ந்து பார்ப்பார். ஒன்றும் இல்லை. சோப்பு வாசனைதான் வரவில்லை, அவ்வளவு சுத்தம்.

பதினோராம் நாள் மனைவி தன் தம்பியைக் கூட்டிவந்துவிட்டாள். அவனும் கரண்டு வேலைக்காரன்தான். மாமனைவிடத் தனக்குத்தான் தொழில் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன். உள்ளே போன இரண்டாவது நிமிஷம் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, இத எலி கடிச்சிருக்கு."

"அப்படியா மச்சான்?"

"ஆமா. கட்டிங் பிளேயர் வெச்சிருக்கற எலி."

கரண்டுக்காரர் அவன் வாயைப் பொத்தி, வைக்கோல் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் முழுக்கதையையும் சொன்னார். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் குலுங்கினான்.

"நானும் தோத்துட்டேன்னு சொல்லணுமா? என் பேரு என்னாவறது?"

"ஒரு உசுரு மச்சான்!"

"சரி. மாவு மில்லுல, நாலு பேருக்கு முன்னாடி, தொழில்ல உன்னவிட நான் பெரியவன்னு நீ சொல்லணும்."

கரண்டுக்காரர் மைனரைப் பார்த்தார். மைனர் அசைபோட்டான். "சொல்றேன்" என்றார்.

வெளியே வந்த மச்சான் முகத்தைக் கப்பல் கவிழ்ந்ததுபோல் வைத்துக்கொண்டான். "அக்கா, இது மனுஷ சக்திக்கு மீறின ஃபால்ட்டு. பூமிக்குள்ளயே கரண்டு இழுக்குது. கை வெக்காதீங்க."

"ஓஹோ" என்றாள் அக்கா. மறுநாள் கரண்டுக்காரர் மாவு மில்லுக்குப் போய், நாலு பேருக்கு முன்னால் மச்சான்தான் தொழிலில் பெரியவன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

முப்பதாம் நாள் பெட்டைகளின் முதுகில் பஞ்சுபோல் உள்மயிர் தலைகாட்டியது. கட்டம்போட்ட சட்டை வீடு திரும்பியது. முப்பத்தைந்தாம் நாள் மைனர் தட்டில் பாதித் தீனியை விட்டான். முப்பத்தொன்பதாம் நாள் கரண்டுக்காரர் வழக்கம்போல் முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்னால் சாய்ந்து விழுந்தார். அப்படியொரு சந்தோஷம். நாற்பத்தொன்றாம் நாள் அந்த வீட்டின்மேல் பறக்கிற காக்கைகள் பாதையை மாற்றிக்கொண்டன. முடிவெட்டுகிறவர் கடைக்கு விடுமுறை விட்டார். கூவுவதை விட்டிருந்த சேவல் ஒருமுறை கூவ வாயைத் திறந்து, மூச்சை இழுத்ததும் மனத்தை மாற்றிக்கொண்டது.

நாற்பத்திரண்டாம் நாள் காலை கறிக்கடைக்காரர் கயிற்றோடு வந்தார். வாசல்படியில் வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்தார்.

"அம்மா, என்னது இது?"

"கிடாதான். சொன்னேனே."

அவர் தோளில் கிடந்த துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு கொட்டகைக் கதவு வரை போனார். உள்ளே மைனர் உதட்டைச் சுருட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, ஒரு பெட்டையின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான். பெட்டை வாலைப் படபடவென்று ஆட்டியபடி, ஓடுவதுபோல் ஓடாமல் நின்றது. மற்ற பதிமூன்றும் முறை வைத்துக்கொண்டு கத்தின.

"இந்தப் பருவத்துல இத வெட்டினா கறி மட்டுமா நாறும்? என் கத்தி நாறும், தராசு நாறும். கறிய வாங்கினவன் சம்பந்தத்தையே அறுத்துடுவான்" என்றார் கறிக்கடைக்காரர். "எனக்கு வேணாம்மா. சும்மா குடுத்தாலும் வேணாம்." கயிற்றைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று போய்விட்டார்.

கரண்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். அந்தச் சந்தோஷத்தில் உண்மை தொண்டை வரை வந்துவிட்டது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்த ஃபால்ட்டு..."

"வயர நீங்க வெட்டினது. தெரியும்" என்றாள் மனைவி. "நீங்க பாத்துட்டு வந்த மறுநாளே டாக்டரம்மா பால் வாங்க வந்து எல்லாம் சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு உன் தம்பியக் கூட்டியாந்த?"

"நீங்களா வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க மாவு மில்லு வரைக்கும் போய்த் தோத்துட்டு வர்றீங்க." முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டவள், அதற்குள்ளிருந்தே சிரித்தாள். "தினமும் அவன்கூடப் போய் உக்காந்து உக்காந்து, உங்களுக்கும் அவனுக்கும் இப்ப ஒரே வாசனை. குளிச்சுட்டு வீட்டுக்குள்ள வாங்க. ரெண்டு தடவ."

அவர் மூன்று தடவை குளித்தார்.