இரண்டு அடித்தால் இறக்கு

சைலஸ் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான் என்றால் வெளிக்கு முட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னி, நுனிக்காலில் எம்பி நிற்பான். முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். பிள்ளை முக்குகிறான் என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும். அப்பன் டைட்டஸும் அப்படி நினைத்து, எதிரில் குந்திக்கொண்டு "முக்குடா ராஜா, முக்கு" என்று தானும் சேர்ந்து முக்கியிருக்கிறான். ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மாதான் கண்ணைத் திறந்தார். பையன் முக்கவில்லை, அடக்குகிறான். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு இத்தனை வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று டைட்டஸுக்கு விளங்கவில்லை. நிச்சயமாக அப்பனிடமிருந்து வந்ததில்லை.

ஒரு நாள் இறுகிப்போய், ரத்தம் கசிய வந்ததில் ஆரம்பித்த பயம் இது. ஆனால் அம்மா பியூலா வீட்டில் இருந்தவரை அதை எப்படியோ சமாளித்தாள். விடிகாலையில் பெங்களூர் ரயிலுக்கு ஓடுவதற்கு முன், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்கள் இரண்டையும் சேர்த்து, கைக்குழந்தையை உட்காரவைப்பதுபோல அவனை அதன்மேல் உட்காரவைப்பாள். அடியில் பழைய பேப்பர். வலித்தால் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுவான், அழுகையோடு அழுகையாக அதுவும் வந்துவிடும். டைட்டஸ் அதே மாதிரி காலை நீட்டிப் பார்த்தான். இரண்டு நொடிகூட உட்காரவில்லை. அப்பன் கால் வெறும் எலும்பு.

பியூலாவுக்கு பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. டைட்டஸ் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு ஜட்டி துவைக்கிறான் என்று மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் நாலு பேர் வாயில் அவன் விழுந்து எழுந்துகொண்டிருந்தான். தினமும் போய்வந்த களைப்பில் ஒரு நாள் பியூலா ரயிலிலேயே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் அங்கேயே பெண்கள் விடுதி ஒன்றில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவது என்று முடிவானது.

அவளை ரயிலேற்றிய அன்று பிளாட்பாரத்தில் சைலஸ் போட்ட கூச்சலில் டைட்டஸின் உயிரே போய்விட்டது. அப்போது அவனுக்கு மணி விளையாட்டு ஞாபகம் வந்தது. டைட்டஸின் அப்பா தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்கு ஷாஃப்ட் வாயில் நின்று மணி அடிக்கும் வேலை பார்த்தவர். இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஏற்று என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது நிஜக் கணக்கோ, பிள்ளைக்காகச் சுருக்கிய கணக்கோ, தெரியாது. டைட்டஸ் அதைத் தன் மகனுக்கும் கொடுத்திருந்தான். பால்பவுடர் டப்பாவில் கயிறு கட்டி, கட்டில் மேலிருந்து பொம்மைகளை இறக்குவார்கள், ஏற்றுவார்கள். டம்ளரும் கரண்டியும்தான் மணி.

"அழாதடா. மம்மி கேஜ்ல ஏறி கீழ வேலைக்குப் போறாங்க. ஷிஃப்ட் முடிஞ்சா மூணு அடிப்போம், மேல வந்துடுவாங்க," என்று சொல்லி, சாவியால் கம்பியில் இரண்டு தட்டினான். பிள்ளை அழுகையை நிறுத்தினான். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் பியூலாவுக்கு ஆடிட்டிங் வந்து, அவள் வராமல் போவாள் என்று அன்று யாருக்குத் தெரியும்?

அந்தத் தந்திரம் பலித்த தைரியத்தில்தான் அதையே பின்பக்கக் கக்கூசுக்கும் கொண்டுபோனான். இரண்டு தட்டி, "கேஜ் எறங்குது பாரு," என்றான். சைலஸ் குழியை எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு இறங்கி ஓடினவன்தான். கக்கூசும் வேண்டாம், பிளாஸ்டிக் பானையும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம்.

டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் செய்தாகிவிட்டது. மருந்தை ஜூஸில் கலந்து கொடுத்தான். காலுக்கு முக்காலி வைத்து, ஊதுவதற்குப் பலூன் கொடுத்தான். ஓரத்தில் கசிந்து ஜட்டிதான் நனைந்ததே தவிர, உள்ளே இருப்பது இருந்த இடத்தில் இருந்தது. வயிறு கல்லாகிவிட்டது. திங்கட்கிழமை வரை பார்க்கலாம், அப்புறம் கோலாரில் அட்மிட் பண்ணி மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பலவந்தம் மட்டும் கூடவே கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு வெங்கடம்மா வெற்றிலைக் காம்பும் விளக்கெண்ணெயுமாக வந்து நின்றாள்.

"இன்னா டைட்டஸு, புள்ளய இப்டியே வுட்டுகினு இருந்தா எப்டி? கத்தி வைக்கிறதுக்கு இது எவ்ளோவோ மேலு. நீ காலப் புடி, நா ஒரு நிமிஷத்துல வெச்சிடறேன்."

டைட்டஸுக்கு வேண்டாம் என்று சொல்லத் திராணியில்லை. மயக்க ஊசி என்ற வார்த்தை அவனைக் கொன்றுகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளையைத் தூக்கி, பாயில் கவிழ்த்து, இரண்டு காலையும் பிடித்தான். சைலஸ் மீன்போலத் துள்ளினான். இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு பலமா என்று இருந்தது.

"வாணா டாடி, வாணா. மம்மி மேல வுழும்."

"இன்னாடா?"

"மம்மி மேல வுழும் டாடி. கீழ மம்மி கீறாங்க."

டைட்டஸின் கை தானாக விட்டுவிட்டது. வெங்கடம்மா காம்பைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. பிளாட்பாரத்தில் அடித்த அதே இரண்டைத்தான் கக்கூஸ் வாசலிலும் அடித்திருக்கிறான். கேஜ் இறங்கும் இடம் ஒன்றுதானே. பேப்பரில் இருந்தாலும் பானையில் இருந்தாலும் டாடி கடைசியில் அந்தக் குழியில்தான் கொட்டுவார். வலிக்குப் பயந்து அடக்கிய பிள்ளை, இப்போது அம்மாவுக்காக அடக்கிக்கொண்டிருந்தான்.

வெங்கடம்மா போன பிறகு பியூலாவுக்கு வீடியோ கால் போட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அறையில் விளக்கை அணைத்துவிட்டு நைட் ஷிஃப்ட் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தினமும் இந்த இருட்டிலிருந்துதான் கிசுகிசுவென்று பேசுவாள். அவள் எழுந்து வெளியே மாடிப்படிக்கு வந்து, டியூப்லைட்டுக்கு அடியில் முகத்தைக் காட்டினாள்.

"பாரு கண்ணு, மம்மி இங்க கீறேன். கீழ இல்ல. நீ போய்ட்டு வா ராஜா, மம்மி மேல ஒண்ணும் வுழாது."

சைலஸ் போனை உற்றுப் பார்த்தான். "மேல வா," என்றான்.

"ஞாயித்துக்கெழம வர்றேன்."

"இப்ப வா."

பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாள் லீவு கேளேன்," என்றான் டைட்டஸ்.

"கேட்டேங்க. லீவுல போனா வேல போனதுதான்னு சொல்றாங்க. அதுவும் போச்சுன்னா இன்னா பண்ணுவோம்?"

வேலை இல்லாதவன் வேலையை விடச் சொல்வானா? கூப்பிட்டு அழவைத்ததுதான் மிச்சம். வைத்துவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம்.

பின்பக்கம் டம்ளர் சத்தம் கேட்டது. சைலஸ் கக்கூஸ் வாசலில் நின்று மூன்று அடித்தான். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, சொல்லிக்கொடுத்தது பிசகாமல். அடித்துவிட்டுக் குனிந்து குழிக்குள் பார்த்தான். கொஞ்சநேரம் பொறுத்து மறுபடி மூன்று அடித்தான். டைட்டஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

அதற்குள் பிள்ளைக்கு வயிற்றை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தான். கதவைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னி, நுனிக்காலில் எம்பினான். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டியது. பார்வை மட்டும் குழியைவிட்டு நகரவில்லை.

"இரு மம்மி," என்றான் உள்ளே பார்த்து. "வுட மாட்டேன்."