ரேமில் பூசிய கிரீஸ்

பெனிஸ்டனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. புன்னைக்காயலில் எந்தப் படகின் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் தேடுவார்கள். அவன் மனைவி சுஜிதாவுக்கு அதில் பெருமைதான். ஆனால் தன் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அன்று மூன்று மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் தேர்வு. கட்டட வரைபடம் போடும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். அவள் படித்தது அதைத்தான்; ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. பழைய கம்ப்யூட்டர் அந்த மென்பொருளைத் தாங்காது. அதனால் நினைவகத்தைக் கூட்ட இரண்டு புது ரேம் பட்டைகள் வாங்கி, வீடியோ பார்த்துக் காலையில் தானே மாட்டினாள். 'டக்'கென்று பூட்டு விழுந்து திரை ஒளிர்ந்ததும் குதித்தே விட்டாள். அவள் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே பெனிஸ்டன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிடிக்கவில்லை போல என்று அவளும் கேட்காமல் இருந்துவிட்டாள்.

குளித்துவிட்டு வந்து இரண்டரைக்கு ஆன் செய்தால், திரை கறுப்பு. மூன்று முறை கீச்சிட்டது, அவ்வளவுதான். மூடியைக் கழற்றி ரேமை உருவினாள். தங்கநிறப் பற்கள் முழுக்க வழவழவென்று கறுப்பு கிரீஸ்.

"என்ன செஞ்சிய?" என்று கத்தினாள்.

"உப்புக் காத்துல்லா. தடவி வச்சா அரிக்காதுன்னு…" பெனிஸ்டனுக்கு நா குழறியது.

"இது என்ன ஒங்க படகு எஞ்சினா?"

அழ நேரமில்லை. கிரீஸைத் துணியால் துடைத்தாள். மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் பற்களைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"இன்னொண்ண நான் தேய்க்கட்டா?"

முறைத்தாள். ஆனாலும் கொடுத்தாள். நட்டு முறுக்கும் அந்தத் தடித்த விரல்கள் ரேமை ஓரத்தில் மட்டும் பிடித்து, மெல்ல மெல்லத் தேய்த்தன.

அவன் தலை நிமிராமலே சொன்னான்: "ஆறு வருசமா ஒம் படிப்பு சும்மா கெடக்குளா. துருப்பிடிச்சிரக் கூடாதுல்லா."

சுஜிதாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. இதை வாயால் சொல்லியிருந்தால் என்னவாம் இந்த மனுஷனுக்கு!

கிரீஸ் படாமல் காலியாகக் கிடந்த பக்கத்துப் பள்ளங்களில் ஒரு ரேமை அவள் அழுத்தினாள். 'டக்'. மற்றதை அவனையே அழுத்தச் சொன்னாள். 'டக்'.

திரை ஒளிர்ந்தபோது மணி இரண்டு ஐம்பத்தெட்டு. பெனிஸ்டன் வெளியே போய்க் கதவைச் சாத்தி, யாரும் கூப்பிட்டுவிடாதபடி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான்.