ஆற்றங்கரைப் பிள்ளை

ஊரிலும் மண் வெட்டினான், கனடாவுக்கு வந்தும் மண் வெட்டுகிறான் என்று கிருபனைப் பற்றிச் சொந்தக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு சிற்றாற்றங்கரையில் புது வீடுகள் கட்டுமுன் பழைய காலத்து ஊர் ஏதும் புதைந்திருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் வேலை அவனுக்கு.

இருந்தது. பல நூறு வருடங்களுக்கு முன் வென்டாற் என்ற பூர்வகுடிச் சனங்கள் அந்த ஆற்றை நம்பிக் குடியேறி, சோளமும் பூசணியும் போட்டு, நீள நீள வீடுகளில் வாழ்ந்திருக்கிறார்கள். மண்ணைச் சலிக்கையில் கருகிய சோளமணிகள் அரிதட்டில் தங்கியபோது கிருபனுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. வன்னியில் அவனுடைய வயலும் ஆற்றோரந்தான். தண்ணீர் இருக்கும் இடத்தில் பயிர், பயிர் இருக்கும் இடத்தில் சனம். அந்தச் சனத்தைத்தான் 2009 போரில் இராணுவம் கடற்கரை வரை துரத்தியது. அங்கே, ஷெல்லடிக்குள் ஓடும்போது, மூன்று வயது மகள் அட்சயா அவன் கையிலிருந்து நழுவிப் போனாள்.

மனைவி மங்கையற்கரசி இன்றுவரை பிள்ளையைக் 'காணவில்லை' என்றுதான் சொல்வாள். படத்துக்கு மாலை போட விடமாட்டாள். வேறு மாதிரிப் பேச அவனுக்கும் துணிவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பழைய நீள வீடொன்று இருந்த இடத்தின் ஓரத்தில், கிருபனின் மண்கரண்டியில் ஒரு சின்ன எலும்பு, பிள்ளையின் கையெலும்பு போல, தட்டுப்பட்டது. எலும்பைக் கண்டால் கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். கிருபன் கூப்பிட்டான். ஆனால் அவர் வருவதற்குள், கோப்பிக்கென்று வைத்திருந்த பாலை எடுத்துக் குழிக்குள் ஊற்றிவிட்டான். சின்னப்பிள்ளையைப் புதைத்த இடத்தில் பால் ஊற்றுவது அவன் ஊர் வழக்கம். அவன் யோசித்துச் செய்யவில்லை, கை செய்துவிட்டது.

தடயத்தைக் கெடுத்துவிட்டான் என்று மேற்பார்வையாளர் கொதித்துப்போய் அவனை அப்போதே வேலையிலிருந்து நிறுத்தினார். வென்டாற் மக்கள் சார்பில் அங்கே நின்ற பெண்மணி மட்டும் ஏன் ஊற்றினாய் என்று கேட்டாள். தன் பிள்ளைக்கு யாரும் ஊற்றவில்லை என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். சொன்ன பிறகுதான், அட்சயா செத்துவிட்டாள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவனுக்கு உறைத்தது. சனிக்கிழமை பிள்ளையைத் திரும்ப அடக்கம் செய்கிறோம், விருப்பமென்றால் வா என்றாள் அவள்.

வேளைக்கே வீட்டுக்கு வந்தவனை மங்கையற்கரசி ஏனென்று கேட்டாள். மறைக்க ஏலாமல் எல்லாவற்றையும் சொன்னான். பால் ஊற்றியதையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"எத்தினை வயசாம்?"

"மூண்டு இருக்குமாம்."

"ஆர் புதைச்சது?"

"தாய் தேப்பன்தானாம். வீட்டுக்குப் பக்கத்திலயே வைச்சிருக்கினம்."

அவள் பிள்ளையின் படத்தைப் பார்த்தாள்.

"எங்கட பிள்ளைக்கு ஆரும் ஒரு பிடி மண்ணெண்டாலும் போட்டிருப்பினமோ?"

பதினாறு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. கிருபன் அவள் காலடியில் இருந்து அழுதான்.

"தெரியேல்லையப்பா."

அவள் அவன் தலையில் கை வைத்தாள்.

"சனிக்கிழமை நானும் வாறன்."